முந்நூற்று ஒன்றாவது கூடு

சித்திரை மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, செங்காட்டுப்புதூர் துப்பாக்கி சுடும் கிளப்பின் பின்கொட்டகையில், முந்நூறு காலித் தோட்டாக் கூடுகளைப் போட்ட உருளையிலிருந்து முந்நூற்றொரு கூடு வந்தது.

எண்ணியவள் நான். என் பெயர் தெய்வாத்தாள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சந்தைப்பேட்டை பாத்திர வாடகைக் கடையில் நாற்பத்தொரு வருடம் டம்ளரும் தட்டும் கரண்டியும் கல்யாண வீடுகளுக்கு எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியிருக்கிறேன். அந்த நாற்பத்தொரு வருடத்தில் ஒரு டம்ளர் கூடக் குறைந்ததாக என் பெயரில் எழுத்து இல்லை. அதனால்தான், கோழிப்பண்ணை வைத்திருக்கும் கிளப் செயலாளர் ராக்கியண்ணன், காலிக் கூடுகளைச் சுத்தம் செய்து எண்ணி வைக்க ஆள் வேண்டும் என்றபோது என்னைக் கூப்பிட்டார். துப்பாக்கி என்றால் எனக்குப் பயம். ஆனால் சுட்டு முடித்த கூடு என்பது வாய் திறந்த சின்னப் பித்தளைக் குப்பி, சுண்டுவிரல் நீளம், அவ்வளவுதான். பித்தளையைப் பார்த்து நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

வேலை இதுதான். மைதானத்தில் சுடுகிறவர்கள் சுட்டு முடித்ததும் கூடுகளைப் பொறுக்கி வந்து கொடுப்பார்கள். வாய் பிளந்ததையும் விரிசல் விட்டதையும் தனியே தள்ளி, சின்ன ரகத் துப்பாக்கியின் கூடுகளை மறுபடி நிரப்ப முடியாது என்பதால் அவற்றையும் பழைய பித்தளைக்குத் தள்ளி, மீந்ததைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசி, சாக்கில் பரப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு மக்காச்சோளக் கதிரின் உதிர்த்த சக்கையை இடித்துச் சலித்து வைத்திருக்கும் குறுணையோடு உருளையில் போட்டு மோட்டாரைத் தட்ட வேண்டும். உருளை என்பது கல்லைக் கழற்றிவிட்ட பழைய வெட் கிரைண்டர்தான். மூன்று மணி நேரம் அது உருட்டி உருட்டி, குறுணை கூட்டின் உள்ளும் புறமும் தேய்த்துத் தேய்த்து, கரி போய் புகை போய், சல்லடையில் கொட்டும்போது பொன் மாதிரி வரும். தூசியில் ஈயம் இருக்கும் என்பதால் மூக்குக்குத் துணி, கைக்கு உறை. எண்ணிப் போட்டு எண்ணி எடுத்து நோட்டில் எழுதினால், உரிமம் உள்ள உறுப்பினர்கள் வாங்கிப்போய் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வார்கள். ஒரு கூடு குறைந்தாலும் சட்டப்படி தொல்லை, ஒரு கூடு கூடினாலும் சட்டப்படி தொல்லை.

ராக்கியண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அக்கா, நீங்க போடும்போது 'லாபம்'னு ஆரம்பிச்சிருப்பீங்க, அதக் கணக்குல சேக்காம அடுத்தத ஒண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. கல்யாண வீட்டுப் பழக்கம் போவுங்களா?"

ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் லாபத்துக்கு அடுத்தது இரண்டு என்பது எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை அவரையே எண்ணச் சொன்னேன். அவர் பண்ணையிலிருந்து தராசும் கொண்டுவந்து, எண்ணியும் போட்டு நிறுத்தும் போட்டு, மூன்று மணி நேரமும் உருளைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்நூற்றொன்று வந்தது. நிறையும் ஒரு கூட்டின் நிறை கூடியிருந்தது.

"ஆமாங்க்கா, கூடித்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு, பண்ணையில் கோழி கூடுதலாக ஒரு முட்டை இட்டதைப் போல எழுந்து போய்விட்டார்.

கூடி வந்தது எது என்று கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. எல்லாக் கூட்டின் அடிப்பக்கத்திலும் செய்த இடத்தின் முத்திரை இருக்கும், இதன் அடி மட்டும் மழுமழுவென்று இருந்தது. பாத்திரக் கடையில் ஒரு டம்ளர் குறைந்தால் அது நம் நட்டம், கூடினால் அது யாரோ தேடிக்கொண்டிருக்கும் பொருள், அதனால் கூடினதைக் கவிழ்த்து வைத்து, தேதிச் சீட்டு ஒட்டி, உரியவர் வரும்வரை நாற்பத்தொரு நாள் காக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே நான் ராக்கியண்ணனின் முட்டை அட்டை ஒன்றை வாங்கி, ஒரு குழியில் அந்தக் கூட்டை வாய் கீழாகக் கவிழ்த்து வைத்து, தேதி எழுதி, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, 'கூடுதல், உரியவர் வரும்வரை' என்று தலைப்பிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு உருட்டு. சில உருட்டில் ஒன்று கூடியது, சிலதில் மூன்று நான்கு கூடியது, சிலதில் கூடவில்லை. ஊரில் கோயில் வரவு செலவுக்குக் கூட்டம் போட்ட வாரம் மட்டும் ஒரே உருட்டில் பதினான்கு கூடியது. ஏன் கூடுகிறது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. ஆடு இரட்டைக் குட்டி போட்டால் ஏன் என்றா கேட்கிறோம்? யாருடையது என்றுதான் கேட்டார்கள், அதற்கும் விடை தானாக வந்தது.

கிளப் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் துரைச்சாமியின் மனைவி மயிலாத்தாள், பதினொரு மணி டீ கொண்டுவந்தவள், முட்டை அட்டையில் இருந்து ஒரு கூட்டை எடுத்து, விளையாட்டாகக் காதில் வைத்து, "அலோ, ஆருங் பேசறது?" என்றாள். அப்படியே நின்றாள்.

"ஏனுங்க்கா, இதுக்குள்ள நானல்லோ பேசறேன்?"

"என்னன்னு பேசற?"

"போன வெசாழக்கிழம என்ற நாத்தனா வந்து, குழம்புல இத்தன உப்பு, எங்க பொறந்த ஊட்டுல இருந்து சும்மா வருதான்னு கேட்டா. நான் ஒண்ணு சொல்ல வந்து வாய மூடிக்கிட்டேன். சொல்ல வந்தது அப்பிடியே இதுல கேக்குது, ஒரு எழுத்துக் கொறையாம!"

நான் வாங்கிக் காதில் வைத்தேன். பித்தளை வாசனை வந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. ராக்கியண்ணனுக்கும் கேட்கவில்லை. ஆனால் செய்தி தெரிந்து மறுநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்த அந்த நாத்தனாருக்குக் கேட்டது. அவள் முழுதும் கேட்டாள், இன்னொரு முறையும் கேட்டாள்.

"அடி கள்ளி, இத்தன நாளும் இதையா உள்ள வெச்சிட்டுச் சிரிச்சிட்டிருந்த? அன்னிக்கே சொல்லித் தொலச்சிருந்தா நானும் நாலு சொல்லியிருப்பேன், பொழுதோட முடிஞ்சிருக்கும்."

"இப்பச் சொல்லுங், வேண்டான்னா சொன்னேன்?"

சொன்னாள். இருவரும் கால் மணி நேரம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு, பிறகு ஒரே கிளாஸ் டீயைப் பங்கு போட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்படியாக, ஒரு கூட்டில் இருப்பது யாரோ சொல்ல வந்து விழுங்கிய பேச்சு என்பதும், விழுங்கியவருக்கும் அது யாருக்குச் சொல்லப்பட இருந்ததோ அவருக்கும் மட்டுமே கேட்கும் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. உரிமம் இல்லாதவர்கள் காலிக் கூட்டை வேலிக்கு வெளியே கொண்டுபோவது குற்றம் என்பதால், சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் கொட்டகைக்கு வந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போகலாம் என்று ராக்கியண்ணன் ஏற்பாடு செய்தார். நோட்டில் நான் இரண்டு கட்டம் போட்டேன். சொல்ல வந்தவர் ஒரு கட்டம், கேட்க வேண்டியவர் ஒரு கட்டம்.

ஓய்வுபெற்ற ஏட்டு நஞ்சுண்டன் வந்தார். பதினேழாவது கூட்டைக் காதில் வைத்தவர் வைத்தபடியே விறைப்பாக நின்றுவிட்டார். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால், வெயிலில் நாள் முழுக்க நிற்க வைத்த ஒரு மேலதிகாரியிடம் அவர் சொல்ல வந்தது.

"முப்பத்துமூணு வருசம் கழிச்சா வருது?" என்றார் ராக்கியண்ணன்.

"வரிசைல வந்திருக்குதுங். எனக்கு முந்தி எத்தன பேரு விழுங்குனாங்களோ," என்றார் ஏட்டு. அவர் அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, வாரம் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

டீக்கடைத் துரைச்சாமி வந்து, இருபத்திரண்டாவது தன்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னார். பால் தண்ணியாக இருக்கிறது என்ற ஒரு லாரி டிரைவரிடம் தாம் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டதை நான்கு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் காதில் வைத்தார். வைத்தவரின் காது மிளகாய்ப் பழம் போலச் சிவந்தது.

"டிரைவரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா," என்றார் மெதுவாக. "மயிலு. எனக்குச் சொல்ல வந்தது."

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இருவருமே சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பால் பாத்திரத்தை அவரே தேய்த்தார்.

ராக்கியண்ணன் ஒரு சனிக்கிழமை வரிசையாக எல்லாவற்றையும் காதில் வைத்துப் பார்த்ததில், பதினொன்று அவரிடம் பேசின. பதினொன்றும் பண்ணையில் முட்டை அடுக்கும் பெண்கள் விழுங்கியவை. திங்கட்கிழமை அடுக்கும் கொட்டகையில் மூன்று மின்விசிறிகள் சுற்றின. இப்படி ஊர் பழகிவிட்டது. யாராவது சண்டையில் பாதியில் நிறுத்தினால், "மீதிய உருளைக்கு வெச்சிருக்கியாக்கும்?" என்று கேட்பது பேச்சுவழக்காயிற்று. பதினொரு வாரத்தில், இருபத்திரண்டு உருட்டில், ஐம்பத்தேழு கூடின. நாற்பத்தொன்பதற்கு உரியவர் வந்துவிட்டார்கள். எட்டுக்கு இன்னும் வரவில்லை. என்னுடையது என்று ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்து விழுங்கும் அளவுக்கு எனக்கு யாருடனும் பேச்சில்லை.

ஆனி மாதம் மூன்றாம் வாரத்தில், வியாழக்கிழமை, வருடாந்திர ஆய்வுக்கு அதிகாரி குணாளன் வந்தார். இந்த வருடம்தான் இந்தப் பொறுப்புக்கு வந்தவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பேசும்போதே கடிகாரத்தைப் பார்க்கிறவர். என் நோட்டை ஏழாம் பக்கம் வரை பாராட்டிக்கொண்டே வந்தார். எட்டாம் பக்கத்தில் 'கூடுதல், உரியவர் வரும்வரை' என்று வந்ததும் நிறுத்தினார்.

"இது துப்பாக்கி கிளப்பா, தொலைஞ்ச பொருள் ஆபீசா?"

ராக்கியண்ணன் விளக்கினார். மயிலாத்தாள் விளக்கினாள். ஏட்டு விளக்கினார். செய்தி கேட்டு வந்த ஊர்க்காரர்கள் வாசலில் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். மொத்தம் நாற்பத்துமூன்று பேர். குணாளன் பொறுமையாக ஐம்பத்தேழையும் காதில் வைத்துப் பார்த்தார். இந்த ஊரில் யாரும் அதுவரை அவரிடம் எதையும் சொல்ல வந்ததில்லையே, எப்படிக் கேட்கும்?

"ஒண்ணுமே கேக்கல. இங்க பாருங்க, ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, வெளியிலிருந்து கணக்கில்லாத கூடு உள்ள வந்திருக்கு. அப்படின்னா கிளப்புக்கு மறுபடி நிரப்பற அனுமதி போயிடும். இல்லன்னா, எண்ணறவங்களுக்கு எண்ணத் தெரியல. அப்படின்னா ஆளை மாத்தணும், நோட்டுல நான் எழுதணும்."

எண்ணத் தெரியவில்லை என்று என் பெயருக்கு நேரே எழுத்து. சோற்றுக்கு எனக்குக் குறைவில்லை, இந்த வேலை போனால் வேறு வேலை. ஆனால் நாற்பத்தொரு வருடமும் பதினொரு வாரமும் சேர்த்து வைத்திருந்த ஒரே பொருள் அந்த எண்ணிக்கைதான்.

"உருட்டிப் பாத்துட்டு எழுதுங் சார்," என்றார் ராக்கியண்ணன்.

"சரி. நானே எண்ணறேன். யாரும் தொடக்கூடாது."

குணாளன் மேசையில் ஐந்தைந்தாகக் குவியல் வைத்தார். அறுபது குவியல் வைத்தால் முந்நூறு. நல்ல முறைதான், நானும் அப்படித்தான் எண்ணுவேன். இருபத்தெட்டாவது குவியலில் நான்கு வைத்திருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. இடக்கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே, வலக்கையால் அடுத்த குவியலைத் தொடங்கினார். இருபத்தெட்டாவது குவியல் நான்கோடு நின்றுவிட்டது.

நான் பார்த்தேன். என் கண் அதைவிட்டு நகரவே இல்லை. 'சார், இருபத்தெட்டாவதுல ஒண்ணு கொறையுது' என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அதிகாரி, அதுவும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் நாற்பத்துமூன்று பேர், கூட்டத்தில் நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. சூடான கொழுக்கட்டையை விழுங்குவது போல விழுங்கினேன். அது இறங்கும் வழியெல்லாம் எரிந்தது.

அறுபது குவியலையும் வழித்து உருளையில் போட்டார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மோட்டார் ஓடிற்று. மூன்று மணி நேரமும் வாசலில் இருந்தவர்கள், சொல்ல வேண்டியதை எல்லாம் குணாளன் முகத்துக்கு நேரே சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொட்டகையில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

சல்லடையில் கொட்டி, அவரே எண்ணினார். இந்த முறை போன் அடிக்கவில்லை. முந்நூறு.

"பாத்தீங்களா? போட்டது முந்நூறு, வந்தது முந்நூறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல," என்று பேனாவைத் திறந்தார். "பாட்டி, தப்பா நெனைக்காதீங்க. வயசானா எண்ணிக்கை தவறத்தான் செய்யும்."

மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் என் பெயரை எழுதத் தொடங்கினார். 'தெய்' வரை எழுதியிருப்பார்.

நான் மேசைக்குப் போனேன். முந்நூறு கூட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். முத்திரை, முத்திரை, முத்திரை. "என்ன பண்றீங்க?" என்றார் அவர். நான் நிறுத்தவில்லை. நூறு தாண்டிற்று. இருநூறு தாண்டிற்று. எல்லோரும் என் கூடவே மனசுக்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. இருநூற்றுப் பதினாறு, முத்திரை. இருநூற்றுப் பதினேழு, மழுமழுவென்று இருந்தது.

அதை முதலில் என் காதில் வைத்தேன். வாழ்நாளில் முதல்முறையாக என் குரலை வெளியிலிருந்து கேட்டேன். நான் நினைத்த அளவுக்கு அது சின்னக் குரலாக இல்லை. பிறகு அதை அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"காதுல வைங் சார்."

"ஐம்பத்தேழு வெச்சுப் பாத்தாச்சே."

"இது உங்களுதுங்."

வைத்தார். முதலில் சலிப்பாக வைத்தார், பிறகு நன்றாக அழுத்தி வைத்தார், பிறகு மேசையைப் பார்த்தார், குவியல்கள் இருந்த இடத்தை விரலால் ஒன்று இரண்டு என்று தொட்டுக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருபத்தெட்டாவதா?"

"ஆமாங். நாலுதான் இருந்துச்சு. போன் வந்துருச்சுங்."

"அப்ப நான் போட்டது..."

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பதுங் சார்."

வாசலில் நாற்பத்துமூன்று பேரும் ஒரே மூச்சை விட்டார்கள். ராக்கியண்ணன் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், யாரும் அதைப் பார்க்கவில்லை. குணாளன் மறுபடி ஒருமுறை காதில் வைத்தார். இந்தத் தடவை உதடு கொஞ்சம் துடித்தது, சிரிப்பா என்று தெரியவில்லை.

"ஏம்மா, கடைசில 'கண்ணு எங்க இருக்குது, பொடனிலயா'ன்னு ஒண்ணு இருக்கே?"

"அது வரும்னு நெனைக்கலீங்," என்றேன். முகம் கொதித்தது. ஏட்டு நஞ்சுண்டன் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

'தெய்' என்று எழுதியிருந்ததை அவர் அடிக்கவில்லை. அதையே நீட்டி, 'தெய்வாத்தாள் எண்ணிக்கை சரி. கூடுதல் ஐம்பத்தெட்டு, உரியவர்கள் உள்ளூரில் உள்ளனர், கூடுகள் வேலிக்குள் உள்ளன' என்று எழுதி முத்திரை வைத்தார். பிறகு எட்டாம் பக்கம் திருப்பி, ஐம்பத்தெட்டுக்கு நேரே, கேட்க வேண்டியவர் என்ற கட்டத்தில் தாமே கையெழுத்துப் போட்டார். சொல்ல வந்தவர் கட்டத்தில் நான் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் இஸ்திரி இல்லாத சட்டையில் வந்தார், போனை டீக்கடையில் துரைச்சாமியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். ஐம்பத்தெட்டாவதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு உருட்டு எண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். எண்ணினார். இருபத்தெட்டாவது குவியல் வந்ததும் கையை நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சுதானுங்களாம்மா?"

"நாலுங்!" என்றேன், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "இன்னொண்ணு வைங்!"

வைத்தார். அன்றைக்கு முந்நூறு போட்டோம், முந்நூறு வந்தது.